வரிசையில் பெயர் எழுதாதவள்

கிளெனிஸ் டிரெசைஸுக்குப் பயமே கிடையாது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கொட்டகைக்குள் வந்த பழுப்புப் பாம்பை மண்வெட்டியால் ஒரே போடாகப் போட்டவள், குடித்துவிட்டு வந்து கிளினிக் கதவை உதைத்தவனைக் காதைப் பிடித்து வெளியே தள்ளியவள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் அத்தனை வருஷமாகக் குடியிருக்கிற என்னைக் கேட்டால், அவளைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. தன்னால் யாருக்காவது ஒரு தொந்தரவு வந்துவிடுமோ என்று நடுங்குகிற ரகம் அவள். ரொட்டிக் கடையில் வேறு யாருக்கோ கட்டிய, இறைச்சியும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட பேஸ்டியை அவள் கையில் கொடுத்துவிட்டால்கூட மாற்றிக் கேட்க மாட்டாள். வெங்காயம் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் தின்றுவிட்டு, அன்று முழுக்க நெஞ்சைத் தடவிக்கொண்டு திரிவாள்.

எங்கள் ஊர் போர்ட் கேரோ கிளினிக்கில் பெயர் பதிகிற முன்மேசையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். டாக்டர்கள் வருவார்கள், இரண்டு குளிர்காலம் பார்ப்பார்கள், காற்றும் உப்பும் தாங்காமல் அடிலெய்டுக்கு ஓடிவிடுவார்கள். கிளெனிஸ் இருப்பாள். அவள் கணவன் டாரில் பார்லி வயல்களைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊர் ஆம்புலன்ஸை ஓட்டுகிறான். சம்பளத்துக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் என்றால் ஊர்க்காரர்கள்தான். டாரில், ரொட்டிக் கடை டிரிஷ், இன்னும் சிலர். இடுப்பில் ஒரு பேஜர் தொங்கும். அது கத்தினால் சாப்பிட்ட தட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

கிளெனிஸின் அக்கா மெர்ல் போன விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மெர்லுக்குத் தாடை வலித்தது. பல் வலி என்று நினைத்தாள், அல்லது அப்படி நினைக்க ஆசைப்பட்டாள். கிளினிக் பூட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும், கங்காருக்கள் குறுக்கே பாய்கிற வேளை வேறு. "ஒரு பல்லுக்காகவா அவ்ளோ தூரம்?" என்று இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். காலையில் எழுந்திருக்கவில்லை. அது பல் இல்லை, மாரடைப்பு. அப்பாவும் அப்படித்தான் டிராக்டர் இருக்கையிலேயே போனவர். அடக்கம் முடிந்து சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கிளெனிஸ் என்னிடம் சொன்னாள்: "அடுத்தது நான்தான். எனக்கும் தாடையிலதான் வரும், பாரு." நான் அவளைத் திட்டி வாயை அடைத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பயம் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

அதனால்தான் அரசாங்கம் அவசர சிகிச்சை வெள்ளோட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது ஊரிலேயே அதிகம் மகிழ்ந்தவள் அவள். சாதாரண டாக்டர் கிளினிக்கிலேயே, முன்பதிவு இல்லாமல், சனி ஞாயிறு உட்பட, அவசரத்துக்குப் பார்ப்பார்கள். வெட்டு, எலும்பு முறிவு, காய்ச்சல், மூச்சிரைப்பு எதுவானாலும் வரலாம். ஒரு வருஷம் நடத்திப் பார்ப்பார்கள். ஆள் வந்தால் தொடரும், வராவிட்டால் மூடிவிடுவார்கள். தலைநகரத்திலிருந்து கழுத்தில் அட்டை தொங்க ஒரு கூட்டம் வந்து, எங்கள் ஊரை நாங்களே பார்த்திராத மாதிரி படம் போட்டு விளக்கிவிட்டுப் போனது. அந்தக் கூட்டத்தை எனக்குப் பிடிக்கவில்லை, பிஸ்கட்டையெல்லாம் அவர்களே தின்று தீர்த்தார்கள். ஆனால் இரண்டு கட்டிலும், இதயத்தை வரைந்து காட்டுகிற மெஷினும், எந்நேரமும் ஒரு நர்ஸும் வந்தது நிஜம்.

கிளெனிஸ் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "வீட்ல படுத்துக்கிட்டு 'சரியாயிடும், சரியாயிடும்'னு முனகாதீங்க. கிளம்பி வாங்க. அதுக்குத்தான் தொறந்து வச்சிருக்கோம்." கிளினிக் வாசல் கதவில் தன் கையாலேயே பெரிய காகிதம் ஒட்டினாள்: நெஞ்சு வலியா, தாடை வலியா, இடது கை இழுக்கிறதா, உள்ளே வந்து வரிசையில் நிற்காதே, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி என்று சும்மாவா சொன்னார்கள்.

இது நடந்தது செப்டம்பரில், ஃபுட்டி என்று நாங்கள் சொல்கிற கால்பந்தின் இறுதியாட்டத்தன்று. ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிரணி பக்கத்து ஊர் வாரலி. அந்த ஊர்க்காரர்களோடு எங்களுக்கு மூன்று தலைமுறைப் பகை. பெண் கொடுப்போம், எடுப்போம், ஆனால் மைதானத்தில் மூஞ்சியைப் பார்க்க மாட்டோம். வட்டாரமே வேலியோரம் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் கேன்டீனில் பேஸ்டி விற்றுக்கொண்டிருந்தேன். டாரிலும் டிரிஷும் ஆம்புலன்ஸை மைதான வாசலில் நிறுத்திவிட்டு, பேஜரோடு வேலியில் சாய்ந்து நின்றார்கள்.

அன்று கிளெனிஸுக்கு விடுமுறை. காலையில் வேலிக்கு மேலாக அவளைக் கூப்பிட்டேன்.

"என்னடி, இன்னும் கிளம்பலையா? வாரலிக்காரனுங்க இப்பவே வந்து நல்ல இடத்தையெல்லாம் பிடிச்சிட்டானுங்க."

"நீ போ. எனக்குப் பல்லு வலிக்குது. கொஞ்சம் படுத்துட்டு வரேன்."

"கிராம்பு வச்சுக் கடி" என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன்.

மதியத்துக்கு மேல் அவள் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். இடது கையை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினாள் என்று பெட்ரோல் பங்க்காரன் பார்த்துச் சொன்னான். ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குக் கேட்கத் தேவையில்லை. கூப்பிட்டால் வரப்போவது டாரில். இறுதியாட்டத்தின் நடுவே, ஊர் முன்னால், சைரன் போட்டுக்கொண்டு. வந்து பார்த்து அது வெறும் பல்லாக இருந்துவிட்டால்? அந்த வெட்கத்தை நினைத்தே அவள் செத்துப்போவாள். சாவதற்கு இப்படி இரண்டு வழி இருந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் வெட்கப்படாத வழியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

கதவில் தான் ஒட்டிய காகிதத்தைத் தாண்டித்தான் உள்ளே போனாள். உள்ளே இடமில்லை. தூண்டில் முள் கட்டைவிரலில் ஏறிய கிழவன் கெவ், விரல் பிசகிய வாரலி ஆட்டக்காரன் ஒருவன், குளவி கொட்டி முகம் வீங்கிய ஒரு பெண், இருமுகிற இரண்டு பேர். சனிக்கிழமை முன்மேசையைப் பார்க்கிற லியான், உள்ளே நர்ஸ் போலினோடு சேர்ந்து, மூக்கில் பாசிமணியைத் திணித்துக்கொண்ட ஒரு குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை போட்ட கூச்சல் தெருவரை கேட்டதாம். மேசையில் ஆள் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கெவ் அவளைப் பார்த்ததும் சொன்னான்: "அப்பாடா, வந்துட்டியா கண்ணு! இங்க கேக்க ஆளில்ல. அந்த போனை எடுத்து அடிச்சுக் கொன்னுட்டு என் பேரை எழுது."

அவள் ஒரு நிமிஷம் நடுவில் நின்றாள் என்று கெவ் சொல்கிறான். அந்த நிமிஷத்தில் "நான் வேலைக்கு வரல, எனக்குத்தான் உடம்புக்கு முடியல" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்ததாம். பிறகு மூடிக்கொண்டு கண்ணாடியைச் சுற்றிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். "போர்ட் கேரோ கிளினிக், கிளெனிஸ் பேசறேன்."

நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். பழக்கம் என்பார்கள், கூச்சம் என்பார்கள். அது மட்டும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவள் நோயாளி. பெயரைச் சொல்ல வேண்டும், என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் அது மெர்லுக்கு வந்ததுதான் என்று ஆகிவிடும். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற வரை அவள் கிளெனிஸ், முன்மேசைக்காரி. இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் இதுவரை செத்ததில்லை. பயம் ஆளை ஓடச் செய்யும் என்று நினைக்கிறோம். சில பேரை அது அப்படியே நாற்காலியில் உட்கார வைத்துவிடும்.

குழந்தையின் மூக்கிலிருந்து மணி வந்தது. லியான் வியர்த்து வழிய வெளியே வந்தாள். அவள் மகன் அன்று எங்கள் அணியின் முன்கள ஆட்டக்காரன். கிளெனிஸைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"கிளெனிஸ்! நீ தெய்வம்டி! ரெண்டாவது பாதி ஆட்டமாவது பாத்துட்டு வரட்டுமா? இப்பதான் ஒரு கோல் போட்டானாம்."

"போ போ" என்றாள் கிளெனிஸ். "ஓடு. நான் பாத்துக்கறேன்."

லியான் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். கிளெனிஸின் கன்னம் ஈரமாக, ஜில்லென்று இருந்தது என்று பிறகு அழுதுகொண்டே சொன்னாள். அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை.

பேஸ்டி தீர்ந்துபோய், ஃப்ரீஸர் சாவி எங்கே என்று கேட்பதற்காகத்தான் நான் கிளெனிஸுக்குப் போன் செய்தேன். வீட்டில் எடுக்கவில்லை. லியான் வேலியோரம் குதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அப்படியென்றால் கிளினிக்கில் யார் என்று அங்கே அடித்தேன்.

"போர்ட் கேரோ கிளினிக், கிளெ..." என்று நின்று, ஒரு மூச்சு வாங்கி, "கிளெனிஸ் பேசறேன்" என்றாள்.

"நீ அங்க என்னடி பண்ற? இன்னைக்கு லீவுதானே? பல்லு வலின்ன?"

"லியானுக்கு... ஒத்தாசைக்கு."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பல்லா, தாடையா? கிளெனிஸ், உன்னத்தான் கேக்கறேன். பல்லா தாடையா?"

பின்னால் யாரோ இருமுவது கேட்டது. பிறகு மிக மெதுவாக, "பல்லுதான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மெர்லும் பல் என்றுதான் சொன்னாள். கையிலிருந்த இடுக்கியைப் போட்டுவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினேன். டாரிலைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவன் மைதானத்தின் அந்தக் கோடியில், ஆயிரம் கார் ஹாரனுக்கு நடுவில் நின்றான். கிளினிக்தான் எனக்குக் கிட்டத்தில் இருந்தது. எனக்கு ஓடுகிற வயதும் இல்லை, உடம்பும் இல்லை. தெருவில் ஒரு ஈ காக்கா கிடையாது. என் செருப்புச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. நான் போவதற்குள் அவள் மேசையில் கவிழ்ந்து கிடப்பாள், வந்தவர்கள் அவள் நிமிர்வதற்காகப் பொறுமையாக வரிசையில் காத்திருப்பார்கள் என்று ஒரு காட்சி கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஜனங்கள் அதையும் செய்வார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். உட்கார்ந்துதான் இருந்தாள். முகம் பிசைந்து வைத்த மாவு நிறம். மேலுதட்டில் வியர்வை. இடது கை மேசை மேல் யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. வலது கை இன்னும் தட்டச்சு செய்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். கிணற்றுக்குள் விழுந்தவர்கள் அப்படித்தான் மேலே பார்ப்பார்கள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஓடி வந்ததில் சத்தமே வரவில்லை.

அந்த நேரம் போலின் உள்ளறைக் கதவைத் திறந்து, "அடுத்து கெவ்" என்று கூப்பிட்டாள்.

கெவ் எழுந்தான். கிளெனிஸும் எழுந்தாள், மேசையைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"கெவ்... தப்பா நினைச்சுக்காத. உனக்கு முன்னாடி... நான் போகலாமா?"

அறையே திரும்பிப் பார்த்தது.

"நான் வரிசைல பேர் எழுதல" என்றாள். "வேலைக்கு வரல நான். எனக்குத் தாடை வலிக்குது, கை வலிக்குது. காலைலேர்ந்து. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

கெவ் முள் குத்திய விரலைத் தூக்கிக் காட்டினான். அவன் கண்ணில் தண்ணீர்.

"போ கண்ணு, போ. இந்த முள்ளு என் கையை விட்டு எங்க ஓடப் போகுது?"

கண்ணாடியைச் சுற்றி வெளியே வந்து அவள் சரிந்தபோது தாங்கிப் பிடித்தது அந்த வாரலி ஆட்டக்காரன். பிசகிய விரலோடு அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். வாரலிக்காரர்களைப் பற்றி நான் மேலே சொன்னதில் கொஞ்சத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மெஷினைப் பொருத்தினார்கள். டாக்டர் எஃபியோங் வந்து ஒரு வருஷம் ஆகிறது, நைஜீரியாக்காரர், சாதாரணமாகப் பேசும்போதே சிரிப்பவர். காகிதத்தில் வந்த கோட்டைப் பார்த்தவர் சிரிக்கவில்லை. அடிலெய்டில் இருக்கிற இதய டாக்டரிடம் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எந்த மருந்து என்று போலினுக்குச் சுட்டிக் காட்டினார். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"கிளெனிஸ், வலி பத்துக்கு எத்தனை?" என்று போலின் கேட்டாள்.

"ஒரு... மூணு?"

"அடியே, பொய் சொன்னா நானே உன்னைக் கொன்னுடுவேன்."

"ஒம்போது" என்றாள் கிளெனிஸ். "போலின், நான் செத்துருவேனா?"

போலின் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். "ஹெலிகாப்டர் கேட்ருக்கேன்" என்றார் டாக்டர். "ஆம்புலன்ஸ் வருது. அது வரைக்கும் என்னைப் பாத்துக்கிட்டே இருங்க கிளெனிஸ். கண்ணை மூடாதீங்க."

முன்னால் போன் அடித்தது. யாராவது எடுக்க வேண்டுமே என்று நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. அப்போது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. டாரிலும் டிரிஷும் தள்ளுகட்டிலோடு வந்தார்கள். பேஜரில் வந்தது இவ்வளவுதான்: பெண், அறுபது வயது, நெஞ்சு வலி, கிளினிக். டாரிலின் தொப்பியில் அணியின் ரிப்பன் செருகியிருந்தது. நல்ல உற்சாகத்தில் இருந்தான், நாங்கள் முன்னிலையில் இருந்தோம்.

"யாரும்மா அது, ஆட்டம் முடியற வரைக்கும் பொறுக்காம?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், என்னைப் பார்த்து நின்றான். "நீ ஏன் இங்க உக்காந்திருக்க?"

அவன் என் ஏப்ரனைப் பார்த்தான். என் பின்னால் கொக்கியில் தொங்கிய அவள் கார் சாவியைப் பார்த்தான். அந்த முகம் ரத்தமில்லாமல் வெளுப்பதை நான் கண்ணால் கண்டேன். கவிழ்ந்த லாரிக்கு அடியிலிருந்து ஆட்களை இழுத்துப் போட்டவன் அவன். அன்று கட்டிலின் வார்ப்பட்டையை மாட்டத் தெரியாமல் மூன்று தடவை தடுமாறினான். டிரிஷ்தான் மாட்டினாள். "நான் ஓட்டறேன். நீ பின்னாடி அவகூட உக்காரு" என்றாள்.

பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களை வதைப்பதில் எனக்கு லாபம் இல்லை. ஆனால் அந்த நேரம் அது எங்களில் யாருக்கும் தெரியாது. எனக்கு வந்த நினைப்பெல்லாம் மெர்லின் சவப்பெட்டி.

ஹெலிகாப்டர் இறங்குவதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது ஃபுட்டி மைதானம்.

நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். கடைசி நிமிஷங்கள், எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். இரண்டு அணிகளும் சேற்றோடு வேலியோரம் போய் நின்றன. கத்திக்கொண்டிருந்த வட்டாரம் முழுக்க வாயை மூடியது. ஆம்புலன்ஸ் புல்லின் நடுவே மெதுவாக ஊர்ந்து போய் நின்றது. கிளினிக்கிலிருந்து போலினும் கூடவே வந்திருந்தாள். நான் பின்னாலேயே ஓடிப்போய் வேலிக்கு உள்ளே நின்றேன், யாரும் தடுக்கவில்லை.

கட்டிலை இறக்கினார்கள். ஹெலிகாப்டர் காற்றில் போர்வை படபடத்தது. கிளெனிஸ் தலையைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் கார்கள், கார்களின் மேல் மனிதர்கள், தெரிந்த முகங்கள், அவள் காய்ச்சலுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்த முகங்கள், அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாழ்நாள் முழுக்க எது நடக்கக் கூடாது என்று பயந்தாளோ அது முழுசாக நடந்துகொண்டிருந்தது.

டாரில் குனிந்து அவள் காதருகே கத்தினான். "பயப்படாத. ஆட்டத்தை நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான். நீ அதைப் பத்திக் கவலைப்படாத, என்ன?"

அவள் அவன் சட்டையை வலியில்லாத கையால் கொத்தாகப் பிடித்தாள். விரல் வெளுத்துவிட்டது.

"நிறுத்தட்டும்" என்றாள்.